உடைந்ததா, திறந்ததா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ.! அப்படியொரு மழை ராத்திரியில் துபாயிலிருந்து மகன் ஆழ்வார்குறிச்சிக்கு போன் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம்.

“அம்மா, டேம் உடைஞ்சிட்டாமே? இங்கிலீஷ் நியூஸ்ல போட்டிருக்கான்!”

“டேம் ஒண்ணும் ஒடையலய்யா. தண்ணியத் தொறந்துல்லா விட்டிருக்காவ. கீழ ஏதோ குளந்தான் ஒடைஞ்சிருக்காம்.”

மகன் படித்தது ‘டேங்க் பிரீச்டு’. டேங்க் என்றதும் மொட்டை மாடித் தொட்டி நினைவுக்கு வரும். ஆனால், நம் நாட்டு ஆங்கிலத்தில் குளம், ஏரி, கண்மாய் எல்லாமே ‘டேங்க்’தான்.

‘டேம்’ என்பது ஆற்றை மறித்துத் தண்ணீரைத் தேக்கும் சுவர். தேங்கி நிற்கும் நீர்ப்பரப்பு ‘ரிசர்வாயர்’. சிவசைலம் பக்கத்திலுள்ள கடனா அணையில் 85 அடிக்குத் தண்ணீர் நின்றால், நிரம்பியது ரிசர்வாயர். தாங்கி நிற்பது டேம்.

‘அனிகட்’ நம் வீட்டுப் பிள்ளை. தமிழின் ‘அணைக்கட்டு’தான் ஆங்கிலத்துக்குப் போய் அப்படி ஆனது. இது ஆற்றின் குறுக்கே உள்ள தாழ்வான தடுப்பு. நீர்மட்டத்தை உயர்த்திக் கால்வாயில் திருப்பிவிடும். மிச்சம் அதன் மேலேயே வழிந்து ஓடும். தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை இப்படி எட்டு உண்டு.

அடுத்து, தண்ணீர் வெளியே வரும் விதம். மதகைத் திறந்து விட்டால் ‘ரிலீஸ்’. நிரம்பி வழிந்தால் ‘ஓவர்ஃப்ளோ’. குளத்தில் உபரி நீர் போவதற்கென்றே கட்டிய வழியில் போனால் ‘சர்ப்ளஸ்’. நெல்லைச் சீமையில் இதைத்தான் ‘மறுகால் பாயுது’ என்பார்கள். கரையே பிய்த்துக்கொண்டு போனால்தான் ‘பிரீச்’, அதாவது உடைப்பு.

குளம் மறுகால் பாய்ந்தால் விவசாயிக்குச் சந்தோஷம். உடைத்துக்கொண்டால் பயிரும் போகும், வீடும் போகும். ‘ரிலீஸ்’ என்று செய்தி வந்தால் ஆற்றில் இறங்காமல், கரைப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். ‘பிரீச்’ என்றால் தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

அடுத்த மழைக்காலத்தில் வாட்ஸ்அப்பில் இப்படியொரு செய்தி வந்தால், மற்றவர்களுக்கு அனுப்பும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்: டேமா, டேங்கா? ரிலீஸா, பிரீச்சா?