தோற்கொழுப்பும் பள்ளிப் பேருந்தும்

ஆம்பூர், வாணியம்பாடி ஆலைகளில், பதனிடுமுன் தோலின் உட்புறத்து ஊனும் கொழுப்பும் வழித்தெடுக்கப்படுகின்றன. அவ்வழிப்பில் ஒரு பகுதி பசை காய்ச்சப் போகிறது. போகாதது அழுகி நாறுகிறது. அதே ஊர்த்தெருக்களில் அரசுப் பேருந்தும் பள்ளிப் பேருந்தும் தீசல் புகை கக்கிச் செல்கின்றன. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க ஆள்வோர்க்கு ஏனோ தோன்றவில்லை.

கொழுப்பை எரிநெய்யாக்குவது கமுக்கமன்று. மரச்சாராயமும் காரமும் கூட்டிச் சூடேற்றினால் கிளிசரின் கீழே பிரிய, மேலே உயிரி எரிநெய் நிற்கும். தீசல் பொறியே 1900-இல் பாரிசுக் கண்காட்சியில் வேர்க்கடலை எண்ணெயால் ஓடிக் காட்டியதுதான். சென்னை அடையாற்றிலுள்ள நடுவண் தோல் ஆய்வு நிறுவனத்தார் இவ்வழிப்புக் கொழுப்பினின்று எரிநெய் எடுக்கும் வழிகளை ஆய்ந்துள்ளனர். சுண்ணாம்பிலிட்ட பின் வழித்தது சுண்ணச் சவர்க்காரமாய்த் திரிந்திருக்கும். அமிலத்தால் பிரித்தாக வேண்டும். சுண்ணாம்பிற்கு முன்பே வழிப்பின் வேலை எளிது.

நடுவணரசு செய்தது வேறு. 2009-ஆம் ஆண்டுக் கொள்கை, 2017-க்குள் 20 விழுக்காடு கலப்போம் என்றது. காட்டாமணக்கை நட்டால் தரிசும் பொன் விளைக்கும் என்று உழவர் நம்பவைக்கப்பட்டனர். நீரற்ற தரிசில் அது சொன்னபடி காய்க்கவில்லை. நட்டவர் பிடுங்கி எறிந்தனர். 2018-ஆம் ஆண்டுக் கொள்கையோ இலக்கை 2030-க்குள் 5 விழுக்காடாகச் சுருக்கிக்கொண்டது. பாலாற்றங்கரை நிலம் ஆலைக்கழிவால் உவரானதை 1996-இலேயே உச்ச நயன்மன்றம் கண்டு, மாசு செய்தவனே இழப்பீடு தருக என்றது. அந்நிலத்து உழவனிடம் எரிநெய்க்கென்று இன்னும் ஒரு காணி கேட்பது அறமாகுமா? கழிவு ஆலையிலேயே கிடக்கிறது.

கொழுப்பு எரிநெய் குளிரில் உறையும் என்பர். பனிநாட்டார்க்கு அஃது இடர். வேலூர் வெயிலில் வெந்தவர்க்கு நகைப்பு. நைட்டிரசன் சேர்மம் புகையில் சற்றே கூடலாம் என்பது மெய். ஆயினும் கரித்தூள் குறையும், கந்தகம் இல்லையெனலாம். எல்லாப் பேருந்திற்கும் இது போதாது என்பதும் மெய். போதுமளவு ஓடட்டுமே!

வழித்த கொழுப்பை உருக்கி அப்படியே கலத்தில் ஊற்றும் குறுக்குவழி மட்டும் வேண்டா; பொறி கெடும், திட்டமும் கெடும். தரம் ஆய்ந்த எரிநெய்யைத் தீசலில் 20 விழுக்காடு வரை கலந்தால் பெரும்பாலும் பொறியை மாற்ற வேண்டுவதில்லை. காலையில் பேருந்தின் புகைக்குழாய்க்குப் பின்னே வரிசையில் நிற்போர் பிள்ளைகள். ஆகவே பள்ளிப் பேருந்துகளில் தொடங்குக. கழிவை அகற்றும் செலவை ஆலையாரிடமும், எரிநெய் ஆக்கும் பொறுப்பை அரசிடமும் கேட்டு, அவ்வூர்ப் பெற்றோர் மாவட்ட ஆட்சியர்க்கு எழுதுக.