கை ஒருத்தனுக்கு, மூளை இன்னொருத்தனுக்கா?

அமெரிக்கன் ஃபுட்போல் பற்றிக் கதைக்கிறவர்களிடம் ஒரு பழைய தராசு இருக்கிறது. ஒரு தட்டில் இயற்கைத் திறமை: பலமான கை, ஓட்டம், உடம்பு. மற்றத் தட்டில் புத்தி. ஒவ்வொரு ஏப்ரலிலும் என்.எஃப்.எல். அணிகள் பல்கலைக்கழக வீரர்களைத் தெரிவு செய்யும்போது, குவாட்டர்பேக்குகளை ஒவ்வொருவராக இந்தத் தராசில் ஏற்றிவிட்டு, "திறமை இருந்தென்ன, முடிவெடுக்கத் தெரிய வேணும்" எண்டு தீர்ப்புச் சொல்லுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சூப்பர் பௌல் பார்க்க திங்கட்கிழமை விடிய ஐந்து மணிக்கு எழும்பிவிட்டு, எட்டு மணி விரிவுரையில் நித்திரை கொள்கிற கூட்டம் நாங்கள். எங்களுக்கு இது கள்ளத் தராசாகத்தான் தெரிகிறது.

முதலில் குவாட்டர்பேக்கின் வேலை என்ன? றக்பியில் பந்தை முன்னுக்கு எறிந்தால் தவறு. இங்கே முன்னுக்கு எறிவதுதான் ஆட்டத்தின் உயிர், அதை எறிகிறவர் பெரும்பாலும் குவாட்டர்பேக். பந்து கைக்கு வந்ததும் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று விநாடி. அதற்குள் எதிரணியின் பதினொரு பேர் எப்படி நிற்கிறார்கள் என்று பார்த்து, தன்னுடைய ஆள் இப்போது நிற்கிற இடத்துக்கு இல்லாமல் இன்னும் கொஞ்சத்தில் போய்ச் சேரப்போகிற இடத்துக்கு எறிய வேண்டும். இதில் மூளை எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது? அந்த இடைவெளிக்குள் பந்தைச் செலுத்தக் கை இல்லாதவனுக்கு அங்கே எறிகிற முடிவே கிடையாது. இன்னொன்றும் உண்டு. அவருடைய தலைக்கவசத்துக்குள் ஒரு வானொலி. ஆட்டத்தைத் தொடங்கக் கொடுத்த நேரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்வரை பயிற்றுநர் அதில் கதைக்கலாம். "அவர் எடுத்த முடிவு" என்று நாங்கள் கைதட்டுவதில் பாதி, மைதானத்துக்கு வெளியே நிற்கிற ஒருவருடையது.

இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை ஏன் வெட்டிப் பிரித்தார்கள்? யாருக்குக் கை, யாருக்கு மூளை என்று பங்கு வைத்த விதத்தைப் பார்த்தால் விளங்கும்.

1968இல் டென்வர் அணிக்கு மார்லின் பிரிஸ்கோ என்ற கறுப்பின இளைஞர் குவாட்டர்பேக்காக ஆடினார். முதல் வருடமே 14 டச்டவுன் எறிந்தார். அடுத்த வருடம் அந்த இடத்துக்குப் போட்டியிடக்கூட விடவில்லை. பஃபலோவுக்குப் போய்ப் பந்து பிடிக்கிறவராக மாறினார். பிடிக்கலாம், ஓடலாம், யோசிக்கிற இடத்தில் மட்டும் நிற்கக்கூடாது. பத்து வருடம் கழித்து வோரன் மூன். வாஷிங்டன் பல்கலைக்கழக அணியை ரோஸ் பௌல் வெற்றிக்குக் கொண்டுபோனவர். 1978இல் ஒரு என்.எஃப்.எல். அணியும் அவரைத் தெரிவு செய்யவில்லை. இடத்தை மாற்ற மாட்டேன் என்று நின்றவர் கனடாவுக்குப் போய், எட்மன்டனுக்காகத் தொடர்ச்சியாக ஐந்து கிண்ணம் வென்ற பிறகுதான், 1984இல், அமெரிக்கக் கதவு திறந்தது. 1988 ஜனவரியில் டக் வில்லியம்ஸ் சூப்பர் பௌலின் இரண்டாம் கால்பகுதியில் மட்டும் நாலு டச்டவுன் எறிந்து வாஷிங்டனை வெல்ல வைத்தார். அதுவரை ஒரு கறுப்பின குவாட்டர்பேக் சூப்பர் பௌலைத் தொடங்கியதுகூட இல்லை.

"அது பழைய காலம்" என்பவர்களுக்கு 2018ஐக் காட்டுகிறோம். அந்த வருடம் முதல் சுற்றில் ஐந்து குவாட்டர்பேக்குகள். அவர்களில் ஜோஷ் அலன், வெள்ளையர், 7ஆவது தெரிவு. லமார் ஜாக்சன், கறுப்பினத்தவர், 2016இல் ஹைஸ்மன் விருது வாங்கியவர், சுற்றின் கடைசியில், 32ஆவது. ஜாக்சன் பந்து பிடிக்கிறவராக மாற வேண்டும், எறிதலில் மற்றவர்களுக்கு ஈடில்லை என்று சொன்னவர் பில் போலியன். அணிகளையே கட்டியெழுப்பிய பெரிய நிர்வாகி. ஆனால் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் ஜாக்சனின் எறிகளில் சரியாகப் போய்ச் சேர்ந்தது 59 வீதம், அலனின் எறிகளில் 56 வீதம். அலனை இடம் மாறச் சொல்லி யாரும் பெரிதாகக் கதைத்ததாக எங்களுக்குத் தெரியாது. இரண்டு பேரையும் பக்குவப்படாத திறமை என்றுதான் எழுதினார்கள். ஒருவருக்கு அது பழுக்கப்போகிற காய், மற்றவருக்கு எப்பவுமே காய்.

அடுத்த வருடமே ஜாக்சன் 36 டச்டவுன் எறிந்து, 1,206 யார்ட் ஓடி, ஒரு வாக்குக்கூடச் சிதறாமல் எம்.வி.பி. ஆனார். போலியன் தான் சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டார், அந்தளவுக்கு நேர்மை. அலனும் பழுத்தார்: முதல் பருவத்தில் 53 வீதமாக இருந்தது மூன்றாவதில் 69. அவர் நல்ல வீரர், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. எங்கள் கேள்வி, அந்த மூன்று வருடப் பொறுமை யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான். முடிவெடுக்கிற புத்தி பொறுமையில் வளருவது. மஹோம்ஸ் முதல் வருடம் முழுக்க அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் இருந்து பழகினார். புத்தியால் வென்றவர் என்று எல்லோரும் தூக்கிப்பிடிக்கிற பிரேடி, 199ஆவது தெரிவு, முதல் பருவத்தில் எறிந்தது மூன்றே மூன்று பந்து. (அவருடைய துல்லியமான எறியும் உடம்பின் திறமைதான் என்பதை ஏனோ ஒருவரும் சொல்லமாட்டார்கள்.)

புத்தியை அளந்து பார்த்த கதையும் இருக்கிறது. வொண்டர்லிக் என்று 12 நிமிடத்தில் 50 கேள்வி; ஃபுட்போலோடு ஒரு சம்பந்தமும் இல்லை. ஹாவர்டில் படித்த ரயன் ஃபிட்ஸ்பட்ரிக் அதில் 48 எடுத்ததாகச் செய்தி. 17 பருவம் ஆடியும் ஒரு பிளேஓஃப் ஆட்டம் கண்டதில்லை. 2022இல் அந்தப் பரீட்சையைக் கைவிட்டார்கள். அடுத்த வருடம் வேறொரு பரீட்சை. சி.ஜே. ஸ்ட்ரவுட்டுக்கு மிகக் குறைந்த புள்ளி என்று தெரிவுக்கு முன்னமே செய்தி கசிந்தது. ஒரு இருபத்தொரு வயதுப் பெடியனின் மூளை ஊர் முழுக்கப் பேச்சானது. அந்தப் பருவத்தில் அவர் எறிந்தது 23 டச்டவுன். எதிரணி பறித்தது ஐந்தே ஐந்து. மோசமாக முடிவெடுக்கிறவரின் கணக்கா இது?

எதிர்த் தரப்பின் பலமான சாட்சி ஜமார்கஸ் ரசல். 2007இல் முதல் தெரிவு, பயங்கரமான கை, 2010இல் அணி வெளியே விட்டது. உண்மைதான், தோற்றார். மூன்று பருவத்துக்குள் தலைமைப் பயிற்றுநரே மாறிய அணி அது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கோ. 2018இன் 10ஆவது தெரிவு ஜோஷ் ரோசன் கெட்டிக்காரன், தயாராக வந்தவன் என்று பெயர் எடுத்தவர். அரிசோனா ஒரே வருடத்தில் மயாமிக்குக் கொடுத்துவிட்டது. ரசலின் பெயர் இன்றைக்கும் எச்சரிக்கையாக வருகிறது. ரோசனைக் காட்டி "கெட்டிக்காரனை நம்பாதே" என்று யாராவது எழுதியிருந்தால் காட்டுங்கோ, நாங்கள் வாசிக்கிறோம்.

2018 தெரிவுக்கு முன் வீரர்கள் அணிகளின் முன்னால் 40 யார்ட் ஓடிக் காட்டுகிற நாள் வந்தது. நேரம் எவ்வளவு நல்லதோ அவ்வளவு காசு. அந்த வருடத்துக் குவாட்டர்பேக்குகளில் ஆக வேகமானவர் லமார் ஜாக்சன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தன்னை குவாட்டர்பேக்காக மட்டுமே பார்க்க வேண்டும் என்று நின்ற அவர், அன்றைக்கு ஓடவில்லை.