கணினித் தமிழும் பண்டிதர் கடனும்

கணினியும் இணையமும் நம் வன்னிநிலத்துப் பாடசாலைகளிலே புகுந்து பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகின்றது. 2020 ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைப்பேசித் திரையே கரும்பலகையாயிற்று. அலைவரிசை எட்டும் இடந் தேடி மாணாக்கர் வீதிக்கும் வயல்வரம்புக்கும் சென்றமையை நாமனைவரும் கண்டோம்.

இந்நிலையிலே, தமிழ் கற்பிப்போராகிய எம்மவர் இக்கருவிகளைப் பற்றிக் கொண்டுள்ள கருத்து யாது என ஆராயின், அவர் இரு கட்சியினராய்ப் பிரிந்து நிற்றலைக் காணலாம். மனனஞ் செய்தலும் கையெழுத்துத் திருத்தமும் நிகண்டு கற்றலும் ஒழிந்தன, இனித் தமிழும் ஒழியும் என வருந்துவார் ஒரு சாரார். தமிழ் உலகெங்கும் பரவிற்று, நூல்களெல்லாம் இருந்த இடத்திலேயே கிடைக்கின்றன, இனி யாதொரு குறையுமில்லை என மகிழ்வார் மற்றொரு சாரார். வருந்துவாரும் மகிழ்வாரும் ஒன்றில் மட்டும் ஒருமைப்படுகின்றனர்: கணினி கணிதமும் பொறியியலும் கற்றார்க்குரியது, இலக்கணங் கற்றார்க்கு அங்கே வேலையில்லை என்பதே அது. இக்கொள்கை தமிழுக்குக் கேடு விளைப்பது என்பது எமது துணிபு.

அச்சுப்பொறி நம் நாட்டில் வழங்கத் தொடங்கிய காலத்தைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். அதுவும் பிறர் கண்ட பொறியே. இங்கே அதனை முதலில் மிகுதியும் ஆண்டவர் பாதிரிமாரே. ஆறுமுக நாவலர் (1822-1879) அது பற்றி அதனை ஒதுக்கினாரல்லர். வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவி, நூல்களைப் பரிசோதித்துப் பிழையற அச்சிட்டார். நாவலர் பதிப்பென்றால் அதிற் பிழை காண்டல் அரிது என்னும் நம்பிக்கை இன்றளவும் நிலவுகின்றது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். பெரிய உத்தியோகங்களில் இருந்தவர். அவர் தம் பொருளையும் கண்ணொளியையும் செலவிட்டு, 1885 இற் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இற் கலித்தொகையையும், 1889 இற் சூளாமணியையும் பதிப்பித்தார்.

அவர் செய்த வேலையின் அருமையை ஏடு கையிலெடுத்தவரே அறிவர். ஏடெழுதுவோர் ஓலை கிழியுமென்றஞ்சிப் புள்ளியிடார். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேற்றுமை காட்டார். ரகரமும் காலும் ஓருருவாகவே கிடக்கும். எனவே ஏட்டிலுள்ளதை அச்சிலேற்றுதல் கண்டபடி பார்த்தெழுதும் வேலையாதல் இயலாது. ஒவ்வொரு சொல்லிலும் இலக்கணமும் யாப்பும் பொருளும் நோக்கி, இதுவே பாடம் எனத் துணிதல் வேண்டும். பொறியை இயக்கியவர் வேறு. பாடத்தைத் துணிந்தவர் தமிழ் கற்றவர். அவ்விருவரும் ஓரிடத்துக் கூடியமையாலேயே சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தன.

இனி நம் வன்னிக்கு வருவோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அச்செய்தி உலகறிந்தது. வன்னியில் நூல்கள் அழிந்த கதையை விரித்தெழுதினார் மிகச் சிலர். 1996 இற் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. 2008 இன் பிற்பகுதி தொடங்கி 2009 மே வரை, மக்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனப் பெயர்ந்து பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை சென்றனர். பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைச் சான்றிதழையும் சொப்பிங் பையிற் சுற்றி மார்போடணைத்து நடந்தவர், பாடசாலை நூலகத்தையோ அண்ணாவியாரின் கூத்துக் கொப்பியையோ சுமத்தல் எங்ஙனம்? முல்லைமோடியில் ஆடப்பெறும் கோவலன் கூத்துக்குப் பெயர்த்தெழுதிய கொப்பிகள், வற்றாப்பளைக் கண்ணகையம்மன் வழிபாட்டோடு இயைந்த சிலம்பு கூறற் பிரதிகள், பன்றிப்பள்ளு, குருவிப்பள்ளு, வேலப்பணிக்கன் ஒப்பாரி முதலிய பாட்டுக்களின் கையெழுத்துக்கள், பாடசாலை ஆண்டுமலர்கள், கும்பாபிஷேக மலர்கள் ஆகியனவற்றைக் கேட்டால், “எங்களிடமும் ஒன்று இருந்தது” என்பாரை ஒவ்வோரூரிலும் காணலாம். ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895 இல் எழுதிய கையேடோ மறுபதிப்புப் பெற்று வழங்குகின்றது. அதன் பிரதிகள் பல ஊர்களிலும் பல நாடுகளிலும் இருந்தன; நம் கூத்துக் கொப்பி ஒரு வீட்டுப் பெட்டகத்தில் இருந்தது. வேறுபாடு அவ்வளவே.

இணையத்தின் பெரும்பயன் இவ்விடத்தே விளங்கும். ஒரு நூலின் பிரதி பல நாட்டுக் கணினிகளில் ஒருங்கே இருக்குமாயின், ஓரிடத்து வைத்த தீ அதனை முற்றும் அழித்தல் இயலாது. 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிற்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை இணையத்திலிட்டனர். தமிழ் விக்கிப்பீடியாவை 2003 இல் வளர்க்கத் தொடங்கிய மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். 2005 இல் நம் நாட்டு ஆர்வலர் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் தேடித் தேடி மின்வடிவாக்கி வருகின்றது. இவை எவரும் கட்டளையிட்டு நடந்தவையல்ல. இவற்றைச் செய்தோரிற் பலர் பொறியியலாளர், விஞ்ஞானிகள், கட்டடக்கலைஞர். தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட எம்மவர் அப்பெயர்ப் பட்டியலில் எத்தனை பேர் என எண்ணும்போது நெஞ்சு நோகின்றது.

நூலகத்தில் உள்ளவற்றுட் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். காத்தற்குப் படம் போதும். ஒரு சொல்லைத் தேடி எடுத்தற்குப் போதாது. அதற்கு எழுத்தெழுத்தாக உள்ளிடல் வேண்டும். உள்ளிடுமிடத்து நேரும் ஓரிடரை எம்மவர் பலர் அறியார். நம் நாட்டிலே நெடுங்காலம் பெருவழக்காயிருந்தது ‘பாமினி’ என்னும் எழுத்துரு. பரீட்சை வினாத்தாள், கலியாண அழைப்பு, அந்தியேட்டி மலர் எல்லாம் அதிலேயே தட்டெழுதப்பட்டன. இன்றும் அதனைக் கைவிடாத அச்சகங்கள் உள. அவ்வெழுத்துருவிற் ‘தமிழ்’ என்று அடித்தால், திரையிலே தமிழ் எனத் தோன்றும். கணினியின் உள்ளேயோ ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே கிடக்கும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோவையைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துத்திரளே காணப்படும். தமிழ் வேடம் பூண்ட ஆங்கிலம் என அதனைச் சொல்லலாம். இருபது ஆண்டு உழைத்து ஒருவர் தொகுத்த சொற்றொகுதி அவ்வேடத்தில் இருக்குமாயின், அது தேடுபொறிக்கு அகப்படாது. ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் பிழை பார்த்தற்கு ஆள் வேண்டும், குறை அங்கேதான்.

ஒருங்குறியேனும் குறையற்றதோவெனின், அன்று. இந்திய அரசு 1988 இல் வகுத்த குறியீட்டு முறை தேவநாகரியை முன்வைத்து ஏனை எழுத்துகளையும் அதன் வழியே அமைத்தது. 1991 இல் வெளிவந்த ஒருங்குறி அதனையே தழுவித் தமிழுக்கு 128 இடங்கொண்ட கட்டம் ஒன்றை வகுத்தது. அதன்படி அகரமேறிய ககரமே முதல். அதன்மேற் புள்ளியிட்டால் மெய்யாகும். தொல்காப்பியரோ மெய்யை முதலெழுத்தாகக் கொண்டு, அகரம் ஏறியவிடத்துப் புள்ளி நீங்குமென்றார். வரிவடிவை மட்டும் நோக்கின் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். எழுத்தெண்ணுமிடத்தே இடர் விளைகின்றது. ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. கணினிக்குத் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து. ஒற்று நீக்கி அடிக்குப் பதினாறும் பதினேழும் எண்ணிக் கட்டளைக் கலித்துறை பாடிய மரபினர்க்கு இது நகைப்பைத் தரும். மேலும் அக்கட்டத்தில் லகரத்தின் பின் ளகரமும் ழகரமும் நின்று, அவற்றின் பின்னரே வகரம் வருகின்றது. நகரத்தை அடுத்து னகரம் நிற்கின்றது. இவ்வரிசையை அப்படியே கொண்டு அகராதி செய்தால் நெடுங்கணக்கு நிலைகுலையும். வரிசைப்படுத்தும் விதியை வேறாக எழுதிக் கணினிக்குக் கற்பித்தே இதனைத் திருத்துகின்றனர். எல்லா எழுத்துக்கும் தனித்தனி இடந்தரும் வேறொரு முறையைத் தமிழ்நாட்டரசு 2010 இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றதாயினும், உலக வழக்கில் நின்றது ஒருங்குறியே.

இதனை முறையிடுவதாற் பயனில்லை. அந்த அவையில் இலக்கணம் வல்லார் போதிய அளவில் இருந்திருப்பின் வரிசை வேறாயிருக்கலாம். நாம் இல்லாத அவையில் நம் எழுத்து வரிசைப்படுத்தப்பட்டது என்பதே இதிலிருந்து நாம் அறியத்தக்கது.

பிழைகளைச் சிறிது காட்டுவாம். ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவையார்’ என்று உள்ளிடுவார் எண்ணிறந்தோர். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ஒன்றைத் தேடின் மற்றொன்று வாராது. ரகரமிருக்க வேண்டுமிடத்துக் காலையும், காலிருக்க வேண்டுமிடத்து ரகரத்தையும் இடுதல் மற்றொன்று. ஓலைக்காலத்து மயக்கம் திரைக்காலத்தும் நம்மைத் தொடர்ந்து வந்துவிட்டது! படத்திலிருந்து எழுத்தைத் தானே படித்தெடுக்கும் பொறிகளோ, 1978 இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட ணா, றா, னா முதலியவற்றின் பழைய உருவங்களைக் கண்டால் தடுமாறுகின்றன. ஏடு படித்துப் பழகிய குருபரம்பரையில் வந்தோர்க்கு இவற்றைத் திருத்துதல் ஓர் அரிய செயலோ?

செய்யறிவு என்பதைப் பற்றியும் சொல்லல் வேண்டும். வினாவினால் விடையெழுதும் பொறிகள் 2022 இன் இறுதி தொட்டு எல்லார் கைக்கும் எட்டிவிட்டன. அண்மையில் எம் மாணாக்கன் ஒருவன், வேளாண்மை பற்றிய கட்டுரையிலே புறநானூற்று அடிகள் எனச் சிலவற்றைப் பாட்டெண்ணோடு எழுதி வந்தான். ஓசை பிழைத்திருந்தது, சொற்களும் பிற்காலத்தன. நூலைத் திறந்து பார்த்தால் அவ்வெண்ணிலுள்ள பாட்டு வேறு. “எங்கே பார்த்தனி?” என்றேன். “ஃபோனில கேட்டன், சேர், அதுதான் தந்தது” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அப்பொறியும் பொய் சொல்ல எண்ணியதன்று. தான் கற்ற எழுத்துத்திரளில் எச்சொல்லின் பின் எச்சொல் வருதல் இயல்பு என்று கணித்து எழுதுதலே அதன் தொழில். உண்மைப் பாட்டு எது, போலி எது என்று பிரித்தறியும் பொறுப்பு ஆசிரியனுடையது. அன்று தொடங்கி எம் வகுப்பில் மேற்கோள் காட்டும் மாணாக்கர், அச்சிட்ட நூலின் பக்கத்தைக் காட்டிய பின்னரே எழுதுகின்றனர்.

அப்பொறி கற்கும் எழுத்துத்திரள் யாருடையது என்பதே பெரிய வினா. நம் கமக்காரர் துருசு என்பதைத் தமிழகத்தார் மதகு என்பர். அலைகரை, காலபோகம் முதலிய சொற்களும், குளத்தையும் வயலையும் காட்டையும் பற்றிய நூற்றுக்கணக்கான வழக்குகளும் வன்னிமக்கள் நாவில் உள. எழுத்தில் உள்ளவை சில. தேடத்தக்க மின்னெழுத்தில் உள்ளவை மிகச் சில. எழுத்தில் இல்லாததைப் பொறி அறியுமாறில்லை. இன்னும் ஒரு தலைமுறை கழியின், வன்னிப் பிள்ளை தன் ஊர்க் குளத்தைப் பற்றிக் கட்டுரை எழுதப் பொறியை வினாவி, தன் பாட்டன் அறியாத சொற்களாலே விடைபெறுவான். அதுவே தமிழ் என்று எண்ணவும் எண்ணுவான்.

செய்தற்குரியது யாது? பெருந்திட்டமும் பெருநிதியும் வேண்டா. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் உளது. 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகமும் தோன்றிற்று. பொறியறிந்த இளைஞர் நம் அயலிலேயே உளர். தட்டெழுத வல்ல மாணாக்கர் ஒவ்வொரு பாடசாலையிலும் உளர். ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் பால பண்டித, பண்டித பரீட்சைகளுக்குக் கற்றவர் இன்னும் நம்மிடையே உளர். இம்மூவரும் வாரத்தில் ஒருநாட் பிற்பகல் ஒரு மேசையைச் சுற்றி அமர்தல் போதும். மாணாக்கன் உள்ளிடுக; பண்டிதர் பாடம் பார்க்க; பொறியியல் மாணவர் அதனை உரிய இடத்தில் ஏற்றுக. எம் வித்தியாலயத்தில் ஒரு பழைய ஆண்டுமலரைக் கொண்டு இதனைத் தொடங்கியுள்ளோம். பன்னிரண்டு பக்கம் முடிய இரண்டு மாதம் சென்றது. விரைவில்லை என்பது உண்மையே; ஆயின் அப்பன்னிரண்டு பக்கத்தையும் மூவர் படித்துள்ளனர்.

அடுத்து எடுக்க விரும்புவது சிலம்பு கூறல். முள்ளியவளை, வற்றாப்பளை, தண்ணீரூற்றுப் பகுதிகளிலோ, இடம்பெயர்ந்து வேறூர்களிலோ வாழும் அன்பர்களிடம் அதன் கையெழுத்துப் பிரதியோ ஏடோ இருக்குமாயின், எவருக்கும் கைமாறிக் கொடுத்துவிடாது, முதலில் நல்ல பகல் வெளிச்சத்திலே ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைக்கும்படி வேண்டுகின்றோம். ஓரங்களையும் வெட்டாது எடுத்தல் வேண்டும். பெயர்த்தெழுதியவர் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிழையெனத் தோன்றும் சொல்லைத் திருத்திவிடாது, உள்ளபடியே உள்ளிட்டுத் திருத்தத்தை அடிக்குறிப்பில் இடுக. இரு பிரதிகள் வேறுபடின் இரண்டும் வேண்டும்.