காத்துல இருந்து பெட்ரோலா? கணக்கு பார்த்துட்டு ஃபார்வர்ட் பண்ணுங்க!



உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும். "காற்றில் இருந்து பெட்ரோல் தயார்! இனி எலெக்ட்ரிக் வண்டி வாங்கறவன் ஏமாளி!" கீழே நாலு கைகூப்பு, "பத்து பேருக்கு அனுப்பவும்".

1996-ல மூலிகை பெட்ரோலைப் பார்த்த ஊர் இது. சிரிச்சுட்டுப் போயிடலாம்னு தோணும். ஆனா இது அந்த ரகம் இல்லை. இது பாதி உண்மை. முழுப் பொய்யை விட பாதி உண்மைதான் அதிகம் கெடுக்கும்.

முதல்ல உண்மையான பாதி. காற்றாலை, சோலார் மின்சாரத்தை வச்சு தண்ணீரைப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கலாம். அதோட கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்தா மெத்தனால். அதுல இருந்து பெட்ரோல். இதுக்குப் பேர்தான் இ-ஃப்யூயல். சிலி நாட்டுல புந்தா அரேனாஸ் பக்கத்துல, போர்ஷே கம்பெனியும் பங்கெடுத்த ஒரு சோதனை ஆலை 2022 டிசம்பர்ல உற்பத்தியைத் தொடங்கிச்சு.

இப்ப மறைச்ச பாதி. அந்த ஆலைக்குப் போட்ட இலக்கு வருஷத்துக்கு 1,30,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில ஏத்தினா பதினோரு லோடு. ஒரு வருஷம் முழுக்க!

அடுத்தது திறன். 100 யூனிட் மின்சாரத்தை எலெக்ட்ரிக் காருக்குக் கொடுத்தா 70-க்கு மேல சக்கரத்துக்குப் போகும். அதே 100 யூனிட்டை ஹைட்ரஜனாக்கி, மெத்தனாலாக்கி, பெட்ரோலாக்கி, எஞ்சின்ல எரிச்சா சக்கரத்துக்குப் போறது சுமார் 15. மீதியெல்லாம் சூடாப் போயிடும். தெர்மோடைனமிக்ஸ்ல அரியர் வச்சவனுக்குக்கூட இது புரியும். தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வேலை.

அப்புறம் ஏன் இவ்வளவு சத்தம்? 2035-க்கு அப்புறம் புகை விடற புதுக் கார் விற்கக் கூடாதுன்னு ஐரோப்பிய யூனியன் சட்டம் கொண்டு வந்தது. 2023 மார்ச்சில் ஜெர்மனி கடைசி நேரத்துல முட்டுக்கட்டை போட்டு, இ-ஃப்யூயல்ல ஓடற காருக்கு விலக்கு கேட்டு வாங்கிச்சு. பழைய எஞ்சினை இன்னும் கொஞ்ச காலம் விக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல சாக்கு ஏது?

அந்தச் சாக்கைத்தான் நம்ம ஊர் ஃபார்வர்ட் தூக்கிட்டு சுத்துது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எங்க தயாராகுது? ஓசூர்ல, கிருஷ்ணகிரியில. 2025 ஆகஸ்ட்ல இருந்து தூத்துக்குடியில எலெக்ட்ரிக் கார். "எலெக்ட்ரிக் வண்டி வேஸ்ட்"னு பரப்பறவர் நம்ம பசங்க வேலை மேலதான் கை வைக்கிறார்.

அப்படின்னா இ-ஃப்யூயலே வேண்டாமா? வேணும். எங்கேன்னா, பேட்டரி தாங்காத இடத்துல. பெரிய சரக்குக் கப்பலையும் நீண்ட தூர விமானத்தையும் பேட்டரியில ஓட்ட முடியாது. அதனாலதான் ஐரோப்பா விமான எரிபொருள்ல செயற்கை எரிபொருளின் பங்கு 2030-ல் 1.2%, 2050-ல் 35% இருக்கணும்னு சட்டமே போட்டிருக்கு.

அங்கேயும் சந்தை சும்மா வளரலை. சுவீடன்ல பசுமை மெத்தனால் ஆலை கட்டிக்கிட்டிருந்த ஓர்ஸ்டெட் கம்பெனி, கட்டுபடியாகற விலையில நீண்டகாலத்துக்கு வாங்க ஆள் கிடைக்காம 2024 ஆகஸ்ட்ல திட்டத்தையே கைவிட்டது. டென்மார்க்ல காஸோ ஆலை 2025 மே மாசம் திறந்தது. வருஷத்துக்கு 42,000 டன். காரணம்? மெர்ஸ்க் கப்பல் கம்பெனி மாதிரி வாங்கறவங்க முன்னாடியே கையெழுத்துப் போட்டிருந்தாங்க. பாடம் ஒண்ணுதான்: ஆலை கட்டறதுக்கு முன்னாடி வாங்கற ஆளைப் பிடி.

இப்ப நம்ம வீட்டுக்கு வருவோம். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துல கப்பலுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பற வசதிக்கு 2025 செப்டம்பர்ல அடிக்கல் நாட்டியாச்சு. காத்து இருக்கு, வெயில் இருக்கு, கப்பல் இருக்கு. புகைபோக்கியில இருந்து கார்பன் டை ஆக்சைடு பிடிச்சு சோடா ஆஷ் தயாரிச்ச அனுபவமும் அதே ஊருக்கு இருக்கு. ஒன்றிய அரசின் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒதுக்கினது ரூ.19,744 கோடி.

நாம சத்தம் போட வேண்டியது இங்கதான். கேட்க வேண்டியது மூணு.

1. ஹைட்ரஜனுக்கு மின்சாரம் புதுசா போடற காற்றாலை, சோலார்ல இருந்து மட்டும் வரணும். இருக்கிற காற்றாலை மின்சாரத்தை அங்க திருப்பிட்டு, வீட்டுக்கு நிலக்கரி எரிச்சுக் கொடுத்தா அதுக்குப் பேர் பசுமை இல்லை, மோசடி.

2. தண்ணீர் கடல்ல இருந்து வரணும். தாமிரபரணியில ஒரு சொட்டு எடுக்கக் கூடாது.

3. வேலை தூத்துக்குடி, திருநெல்வேலி ஐ.டி.ஐ., டிப்ளமோ பசங்களுக்கு முதல்ல.

அடுத்த தடவை அந்த ஃபார்வர்ட் வந்தா மாமாகிட்ட சண்டை போடாதீங்க. "சரி மாமா, லிட்டர் என்ன விலை, எந்த பங்க்ல கிடைக்குது?"ன்னு மட்டும் கேளுங்க. அப்புறம் இந்தப் பதிவை அனுப்புங்க.

படியுங்கள். பகிருங்கள். கணக்கோடு பேசுங்கள்.

#கணக்குபார்ப்போம் #தூத்துக்குடிக்குஉரியது