குளூட்டன் நீக்கிய உணவும் உடல் எடையும்

கோதுமையை உணவினின்றும் அறவே விலக்கி வாழ்வோரை நம் நாட்டின் வட பகுதிகளில் இன்று எளிதில் காணலாம். அவர்களுள் இரு சாரார் உளர். கோதுமை தம் குடலுக்குக் கேடு செய்வதென மருத்துவச் சோதனையால் அறிந்து, வேறு வழியின்றி அதனை விட்டவர்கள் ஒரு சாரார். உடல் மெலிய வேண்டும் என்னும் விருப்பத்தால், எவரோ சொல்லக் கேட்டு விட்டவர்கள் மற்றொரு சாரார். கடைகளில் விற்கும் பொட்டலங்கள் இவ்விருவரையும் ஒன்றாகவே கருதி அழைக்கின்றன. 'குளூட்டன் இல்லாதது' என்னும் சொற்கள், 'கொழுப்புக் குறைந்தது', 'சர்க்கரை சேராதது' என்பவற்றோடு ஒரே வரிசையில் அச்சிடப்பெறுவதால், அதுவும் எடையைக் குறைக்கும் உணவே என்ற எண்ணம் படித்தவர்களிடையேயும் பரவியுள்ளது. களப் பணியாளரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் பெற்றோர் இது குறித்துக் கேட்பது இயல்பு. ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். குளூட்டன் நீக்கிய உணவு ஒரு நோய்க்கு மருந்து. அது மெலிவதற்கு வழியன்று. கவனமின்றிக் கைக்கொண்டால் உடலைப் பருக்கச் செய்வதும் உண்டு.

சொற்களைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது தொழிற் பழக்கம். வாசகர்கள் பொறுத்துக் கொள்வார்களாக. குளூட்டன் என்பதற்குப் 'பசையம்' என்னும் தமிழ்ச் சொல் வழங்குகின்றது. மாவைப் பிசையும்போது தோன்றும் பசைத் தன்மையைக் குறிப்பதால் பொருத்தமான சொல்லே. ஆனால் இலைகளின் பச்சை நிறப் பொருளுக்குப் பாடநூல்களில் 'பச்சையம்' என்று பெயர். அச்சுக் கோப்பில் ஒரு 'ச்' கூடிவிடின், கோதுமை நீக்கிய உணவு கீரை நீக்கிய உணவாகிவிடும். எனவே இக்கட்டுரையில் 'குளூட்டன்' என்றே எழுதியுள்ளேன். இதனினும் பெரிய இடர் 'ஒவ்வாமை' என்னும் சொல்லில் இருக்கின்றது. கோதுமை உண்ட சிறிது நேரத்தில் தோல் தடித்து மூச்சுத் திணறுவதையும் ஒவ்வாமை என்கின்றோம். குளூட்டனால் சிறுகுடல் சிறிது சிறிதாகச் சிதைவதையும் ஒவ்வாமை என்கின்றோம். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை செரியாமல் வயிறு உப்புவதையும் அவ்வாறே சொல்கின்றோம். முதலாவதற்கே அப்பெயர் தகும். மூன்றாவதனை 'ஏலாமை' எனலாம். இரண்டாவது இவ்விரண்டும் அன்று. உடலின் காப்பு அமைப்பே தன் குடலைத் தாக்கும் சீலியாக் நோய் அது. பெயர் ஒன்றாகும்போது அறிவுரையும் ஒன்றாகிவிடுகின்றது. பாலை ஏலாதவர் சிறிது பாலோ தயிரோ உண்டு பார்க்கலாம். சீலியாக் நோயாளர் சிறிது சப்பாத்தி உண்டு பார்க்கலாகாது.

இந்நோயின் வரலாற்றில் நமக்குப் பயன்படும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ் என்பார், மெலிந்து வயிறு பெருத்துச் சாகும் நிலையிலிருந்த குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவைக் கொடுத்து நலம் பெறச் செய்ததை 1924-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ரொட்டியையும் தானியங்களையும் அவர் விலக்கி வைத்திருந்தார். குழந்தைகள் பிழைத்தது உண்மை. ஆனால் புகழ் வாழைப்பழத்துக்குச் சென்றது. விலக்கப்பட்ட ரொட்டியை எவரும் பொருட்படுத்தவில்லை. நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே என்பார்தாம் கோதுமையே குற்றவாளி என்று ஐயுற்றார். 1944-45-ஆம் ஆண்டுப் பஞ்சக் குளிர்காலத்தில் அந்நாட்டில் ரொட்டி அரிதாயிற்று. போருக்குப் பின் மீண்டும் வந்தது. அக்காலத்துக் குழந்தைகளின் நிலை அவருடைய ஐயத்துக்கு வலிமை சேர்த்தது. 1950-இல் தம் ஆய்வேட்டை அவர் அளித்தார். பின்னர் அவரும் உடன் உழைத்தவர்களும், கோதுமையின் மாச்சத்தன்று, அதன் புரதமாகிய குளூட்டனே தீங்கு செய்வது என்பதை நிறுவினர். வாற்கோதுமையிலும் ரை என்னும் தானியத்திலும் இத்தகைய புரதம் உண்டு.

ஹாஸ் செய்த பிழையை இக்காலத்தில் மெலிய விரும்புவோர் தலைகீழாகச் செய்கின்றனர். பரோட்டா, பிஸ்கோத்து, சமோசா, கேக்கு, பூரி ஆகியவற்றை ஒருவர் இரண்டு திங்கள் நிறுத்துகின்றார். எடை சில கிலோ குறைகின்றது. அவர் விட்டது மைதாவும் எண்ணெயும் சர்க்கரையும். புகழோ குளூட்டனை விட்டதற்குச் சேர்கின்றது. நோயில்லாதவருக்குக் குளூட்டனை மட்டும் நீக்குவதால் எடை குறையும் என்பதற்கு அடிப்படை இல்லை. கோதுமை உண்டால் வயிறு உப்புகின்றது என்போரிலும் சிலருக்குக் காரணம் குளூட்டனாக இராமல், கோதுமையிலுள்ள பிரக்டான் என்னும் மாவுப் பொருளாக இருக்கலாம். அது வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கின்றது.

இதனால் வீண் செலவு மட்டுமே விளையுமானால் நாம் கவலைப்பட வேண்டியதில்லை. சீலியாக் நோயைக் கண்டறியும் இரத்தச் சோதனை, குளூட்டனால் உடலில் தோன்றும் எதிர்ப்பொருளை அளப்பதாகும். கோதுமையைப் பல திங்கள் விட்டவருக்கு அவ்வெதிர்ப்பொருள் குறைந்து சோதனை பொய் கூறும். குடலின் திசுச் சோதனையும் தெளிவு தராது. உண்மையில் நோய் உடையவர் ஒருவர், மெலிவதற்கென்று கோதுமையை விட்டுப் பின் சோதனைக்குச் சென்று, 'நோய் இல்லை' என்று கேட்டு, மீண்டும் கோதுமைக்குத் திரும்பும் கேடு இவ்வாறு நேர்கின்றது. ஆகவே நம்மிடம் கேட்போருக்கு நாம் சொல்ல வேண்டிய முதற் சொல், 'சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்' என்பதே. கோதுமை பட்டவுடன் மூச்சுத் திணறும் ஒவ்வாமை உடையோர் இதற்கு விலக்கு.

நம் நாட்டில் இந்நோய் அரிதன்று. தில்லி மருத்துவர்கள் வட இந்தியக் குழந்தைகளிடம் இதனைக் கண்டு 1966-இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். 2016-இல் வெளியான ஆய்வொன்று நாட்டின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட வயது வந்தோரைச் சோதித்தது. எதிர்ப்பொருள் உடையோர் வடக்கே நூற்றுக்கு 1.23, வடகிழக்கில் 0.87, தெற்கே 0.10. இந்நோய்க்கு இடந்தரும் மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவரிடம் இருந்தது. வேறுபாடு உணவில் இருந்தது. ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை வடக்கே 455 கிராம். தெற்கே 25 கிராம். சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறுவதே உடலுக்கு நலம் என்று தென்னாட்டவருக்கு எடுத்துரைப்போர் இவ்வெண்களையும் நினைவில் வைத்தல் நன்று.

நோய் உடையவர் எல்லாரும் மெலிந்திருப்பர் என்பதும் தவறான எண்ணமே. சராசரி எடையுடனும் மிகை எடையுடனும் இருப்போரிடத்தும் இந்நோய் காணப்படுகின்றது. வகுப்பில் ஒத்த வயதினரினும் குட்டையாக நிற்கும் பிள்ளை, இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காக உண்டும் சோகை நீங்காத பெண் ஆகியோரை ஆசிரியர் கவனித்து மருத்துவரிடம் அனுப்புவது, வயிற்றுப்போக்கு உடையவரை அனுப்புவதைப் போன்றே தேவையானது.

இனி, நோய் உறுதிப்பட்டு இவ்வுணவைத் தொடங்குவோரின் எடையைக் காண்போம். சிறுகுடலின் உட்சுவரிலுள்ள நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்திருந்த காலத்தில் உண்டதில் ஒரு பகுதி உடலிற் சேராமலே கழிந்தது. குளூட்டனை நீக்கியபின் அவை மீண்டும் வளர்கின்றன. பழைய அளவே உண்டாலும் இப்போது உடலிற் சேர்வது மிகுதி. மெலிந்திருந்தவர் எடை கூடுவது குணத்தின் அடையாளம். குழந்தை வளர்வதைத் தடுக்கலாகாது. ஆயின் உரிய எடையை எட்டியபின்னும் பழைய அளவே தொடர்ந்தால் உடல் பருக்கும். தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் தம் நோயாளர்களை ஓராண்டு கவனித்ததில், கல்லீரலில் கொழுப்புப் படிந்தோரின் விகிதம் இவ்வுணவு தொடங்கியபின் உயர்ந்திருக்கக் கண்டனர்.

இதில் பொட்டலங்களின் பங்கு சிறிதன்று. மாவை இழுத்துப் பிடித்து உப்பச் செய்வது குளூட்டன். அது இல்லாத பிஸ்கோத்தும் ரொட்டியும் உதிர்ந்துவிடும். அக்குறையை மறைக்க மக்காச்சோள மாவுப் பொருளும் மரவள்ளி மாவும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்க்கின்றனர். விளைவு, புரதமும் நார்ச்சத்தும் குறைந்து கலோரி மிகுந்த பண்டம். விலையோ சாதாரணப் பிஸ்கோத்தைப்போல் பல மடங்கு. இதனைக் குழந்தையின் அன்றாட உணவாக்குதல் கூடாது என்பது என் துணிபு. திருநாளன்று வாங்கட்டும்.

மாற்று நம் வயல்களிலேயே விளைகின்றது. பஞ்சாபில் மக்காச்சோள ரொட்டி புதிதன்று. ஹரியானாவிலும் ராஜஸ்தானத்திலும் கம்பு, மகாராஷ்டிரத்தில் சோளம், தெற்கே கேழ்வரகு ஆகியவை வழிவழி உணவுகள். தேசிய உணவூட்ட நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் கம்பில் ஏறத்தாழ 11 கிராம் புரதமும் 11 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. தீட்டிய அரிசியிலோ புரதம் 8 கிராம், நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 360 மில்லிகிராமுக்குச் சற்று மேல். கோதுமையை விட்டவர் அரிசியொன்றையே பற்றிக்கொள்வது எளிது. வயிறு நிறையும், நார்ச்சத்து நிறையாது, விரைவில் மீண்டும் பசிக்கும். கடலை மாவிலோ பாசிப்பருப்பிலோ வார்த்த அடை, ராஜ்மாவும் சோறும், கம்பு ரொட்டியும் கீரையும் என்று மாற்றி உண்பவருக்கு எடையைப் பற்றிய கவலை பாதி குறையும். நவராத்திரி விரதத்தில் வடநாட்டார் உண்ணும் 'குட்டு' மாவு, சிங்காடா மாவு, 'சாமக்' எனப்படும் குதிரைவாலி ஆகியவற்றில் இயல்பாகவே குளூட்டன் இல்லை. ஆனால் விரத நாளில் அவற்றை நெய்யிற் பொரித்த பூரியாக உண்பது வழக்கம். ஆண்டு முழுவதும் அவ்வாறு உண்டால் மெலிவது யாங்ஙனம்? ரொட்டியாகச் சுட்டு உண்க.

தானியம் நல்லதாயினும் அரைக்கும் இயந்திரம் அதனைக் கெடுக்கும். கோதுமை அரைத்த கல்லிலேயே கம்பும் அரைக்கப்படுகின்றது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உட்சென்றாலே குடல் மீண்டும் கெடும் என்று கண்டுள்ளனர். ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ 2 கிராம் உண்டு; அதன் நாற்பதில் ஒரு கூறே அந்த 50 மில்லிகிராம். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாத பொருளுக்கே 'குளூட்டன் இல்லாதது' என்னும் பெயரை நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கின்றன. எனவே தானியத்தை முழுதாக வாங்கிக் கழுவி உலர்த்தி வீட்டிலேயே அரைப்பது மேல். 'பல தானிய ஆட்டா' என்பதில் பெரும்பகுதி கோதுமையே; கேழ்வரகுப் பிஸ்கோத்திலும் மைதா இருக்கக் காணலாம். வடக்கே வாழும் நம்மவர் இட்டிலியும் சாம்பாரும் ஐயத்துக்கு இடமற்றவை என்று நம்புகின்றனர். கட்டிப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பது உண்டென்பதை அறிந்தோர் சிலரே. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்தே வாங்க வேண்டும்.

பாலைப் பற்றியும் கேட்பர். லாக்டோஸைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில் உள்ளது. அவை தேய்ந்திருக்கும் தொடக்கக் காலத்தில் பால் ஏலாமற் போகலாம். குடல் ஆறியபின் பெரும்பாலோர்க்கு மீண்டும் ஏற்கும். இதை அறியாது பாலை வாழ்நாள் முழுதும் விடுவோர் எலும்புக்குரிய சத்தையும் இழக்கின்றனர். நோயின்றியே பாலை ஏலாதோரும் உளர். 1981-இல் வெளியான ஆய்வில் அத்தகையோர் வட இந்தியரில் நூற்றுக்கு 27-ஆகவும் தென்னிந்தியரில் 67-ஆகவும் இருந்தனர். அவர்களிற் பலருக்குத் தயிர் இடர் செய்வதில்லை. கோதுமையையும் பாலையும் விட்டு, பருப்பால் வாயு என்று அதனையும் விட்டவர்க்கு எஞ்சுவது வறுத்த உருளைக்கிழங்கும் சர்க்கரையிட்ட தேநீருமே. உணவுப் பட்டியல் குறுகக் குறுக எடை கூடும் விந்தையின் காரணம் இதுதான். ஐயமுள்ள பொருளை இரு வாரம் நிறுத்தி, மீண்டும் உண்டு பார்த்து, தீங்கில்லையேல் திரும்பச் சேர்க்க வேண்டும். உறுதிப்பட்ட சீலியாக் நோயில் கோதுமையும் வாற்கோதுமையும் ரையும் இதற்கு விலக்கு.

இவ்வளவும் வசதியுடையோருக்கே எளிது. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒருவருக்குத் திங்களுக்கு 5 கிலோ தானியம் உரியது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நியாய விலைக் கடையில் அது பெரும்பாலும் கோதுமையாகவே கிடைக்கின்றது. நோயுற்ற பிள்ளையை உடைய கூலித் தொழிலாளி அக்கோதுமையால் என்ன பயன் பெறுவார்? மருத்துவச் சான்று உடையவருக்கு அதே எடையை அரிசியாகவோ கம்பாகவோ வழங்கும் ஏற்பாடு எல்லா மாநிலங்களிலும் அமைதல் வேண்டும். அதற்கெனப் புதிய தானியம் விளைவிக்க வேண்டியதில்லை. பட்டியலில் ஒரு குறியீடு போதும். பள்ளியில் ஆசிரியர் செய்யத்தக்கவை அதனினும் சிறியவை. அப்பிள்ளையின் சான்றுப் படியைப் பள்ளியில் வைத்திருக்கலாம். ரொட்டி மாவு பிசைந்த கையைக் கழுவாமல் அதன் தட்டைத் தொட வேண்டாவெனச் சமையல் செய்வோரிடம் சொல்லலாம். மூன்று திங்களுக்கு ஒருமுறை அதன் உயரத்தையும் எடையையும் ஒரே தாளில் குறித்து, அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது காட்டுமாறு பெற்றோரிடம் கொடுத்தனுப்பலாம்.