கார்த்திகைப் பூ வளர்க்கப் போகிறீர்களா?

மழைக்காலத்தில் பற்றைகளிலும் வேலியோரங்களிலும் செந்தீப் போலப் பூத்து நிற்கும் கார்த்திகைப் பூவை, சிங்களத்தில் நியங்கலா என்பார்களே, அதை வீட்டு வளவில் வளர்க்க ஆசைப்படும் சகோதரிகள் பலர்.

வளர்ப்பது சிரமமல்ல. கலப்பை போலக் கவர்விட்ட அதன் கிழங்கை, மணல் கலந்த மண்ணில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கையாக வையுங்கள். முளை நுனியில்தான் இருக்கிறது. அது ஒடிந்தால் முளைக்காது. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்வதால் நாலு குச்சி நட்டால் போதும். பச்சை கலந்த மஞ்சளாக விரியும் பூ, சில நாளில் முழுச் சிவப்பாகும். பார்க்கக் கொள்ளை அழகு!

ஆனால் செடி முழுவதும் கொல்கிசின் என்ற நஞ்சு. கிழங்கில் அது அதிகம், அவித்தாலும் போகாது. வற்றாளைக்கிழங்கென்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. வாந்தியும் வயிற்றோட்டமும் சில மணி நேரம் கழித்தே தொடங்கும். சாதாரண வயிற்றுக் கோளாறென்று வீட்டில் வைத்திராமல், மிஞ்சிய கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பூத்து முடிந்ததும் கொடி அடியோடு காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். அந்த மாதங்களில்தான் பயம். விஷயம் தெரியாத யாராவது மண்வெட்டி போட்டால்? அதனால் நிலத்தில் நடாதீர்கள். பெரிய சாடியில் வைத்து, காய்ந்த பிறகும் அடையாளமிட்டு ஒதுக்கி வையுங்கள். மரக்கறிப் பாத்திப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

தவழும் பிள்ளையுள்ள வீடென்றால் நான் சாடியிலும் வைக்கமாட்டேன்.