தேதியுள்ள தேவி

புதுக்கவிதையில் அம்மன் வந்தால் கூடவே 'ஆதி', 'இருள்', 'காலமற்ற' என்ற மூன்று சொற்களும் வந்துவிடுகின்றன. எந்த ஊர் அம்மன் என்று கேட்டால் கவிஞருக்குக் கோபம் வருகிறது. படிமத்துக்கு ஊர் எதற்கு என்கிறார். வேண்டும் என்பது என் கட்சி. பத்து வருஷங்களுக்கு முன் நானும் ஊரில்லாத அம்மன் கவிதை ஒன்று எழுதிப் பாராட்டு வாங்கியவன் என்பதால் சொல்கிறேன்.

ராமநாதபுரம் அரண்மனை வளாகத்தில் ராஜராஜேஸ்வரி இருக்கிறாள். ஆதியில் முளைத்தவள் அல்ல. மைசூர்ப் படையை விரட்டிக் கொடுத்த ரகுநாத சேதுபதிக்கு 17ஆம் நூற்றாண்டில் மதுரைத் திருமலை நாயக்கர் தந்தது என்று அரண்மனை மரபே சொல்கிறது. மதுரையைப் போல நவராத்திரி நடத்திக்கொள்ளும் உரிமையையும் சேர்த்து. பின்னால் கிழவன் சேதுபதி போகலூரிலிருந்து தலைநகரை இங்கே மாற்றினார். ராமேஸ்வரத்துச் சிவனால் சேதுபதிகளுக்குக் கிடைத்தது சேதுவைக் காப்பவர் என்ற பெயர். ஆளும் உரிமையைத் தந்தவள் இவள்.

இது என் வியாக்கியானம் அல்ல. ராமலிங்க விலாசத்துச் சுவரில் இருக்கிறது. முத்து விஜயரகுநாத சேதுபதி தேவியிடமிருந்து செங்கோல் வாங்குகிறார். அதே மண்டபத்தில் தஞ்சை மராட்டியருடன் யுத்தம்; ஐரோப்பியருடன் சந்திப்பு. நம் கலை விமர்சகர்கள் ரேகையையும் வர்ணத்தையும் பார்த்து, 'நாயக்கர் பாணியின் தொடர்ச்சி' என்று ஒரு வரி எழுதிவிட்டு ராமேஸ்வரம் பிராகாரத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். நான் வங்கிக் குமாஸ்தா. யார் கையெழுத்து, அது செல்லுமா என்று பார்ப்பது என் பிழைப்பு. எனக்கு அந்தச் சுவர் ஒரு அதிகாரப் பத்திரம். கையெழுத்து தேவியுடையது.

அது செல்லாமல் போன தேதிகளும் இருக்கின்றன. 1795ல் கம்பெனி முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கியது. 1809ல் சென்னையில் கைதியாகவே இறந்தார். 1803ல் ராஜ்யம் ஜமீன் ஆயிற்று. 1868ல் ராணி பர்வதவர்த்தனி செய்த சுவீகாரம் செல்லும் என்று லண்டனில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. வாரிசைத் தீர்மானிக்க தேவி தேவைப்படவில்லை. ஆனால் நவராத்திரி நிற்கவில்லை. கடன் கழுத்தை நெரித்த பாஸ்கர சேதுபதி 1892ல் அதை வெகு ஆடம்பரமாக நடத்தினார். கையில் அதிகாரம் இல்லாதபோதுதான் அதன் சடங்கு பெரிதாகிறது. 1948 சட்டத்தில் ஜமீனும் போயிற்று. விலாசம் இன்று தொல்லியல் துறையிடம். தேவிக்குப் பூஜை நடக்கிறது.

சரித்திரம் கவிதையைச் சுருக்கிவிடும் என்பார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் நடந்தது. 'காலமற்ற' அம்மனுக்கு எதுவும் நேர முடியாது. அவளிடம் இழக்க ஒன்றுமில்லை. ராஜராஜேஸ்வரி இழந்திருக்கிறாள். வாங்க வம்சம் ஆளாத ஊரில், சுவரில் இன்னும் செங்கோலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் முன் நின்றபோது என் பழைய கவிதையின் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

இனி அம்மன் கவிதை எழுதுகிறவர்கள் ஊர்ப் பெயரையும் எழுதட்டும்.